வடிகட்டி மட்டும் போதுமா?

வீட்டில் சலவை எந்திரம் இருந்தால், அடுத்த முறை துணி துவைக்கும்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். எந்திரத்தின் வடிகுழாயிலிருந்து வெளியேறும் நீரை ஒரு வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள். காபி வடிகட்டும் மெல்லிய துணி ஒன்றில் அதைச் சிறிது சிறிதாக ஊற்றி வடியுங்கள். நீரெல்லாம் இறங்கியபின் துணியின்மேல் சாம்பல் நிறப் படலம் ஒன்று தங்கியிருக்கும். அதை உலரவிட்டு, உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அது வெறும் அழுக்கு அன்று என்பது விளங்கும். பள்ளிச் சீருடையின் நீலம், அம்மாவின் புடவைச் சிவப்பு, அப்பாவின் கால்சட்டைக் கறுப்பு என ஒவ்வோர் ஆடையும் தன் நிறத்தில் சில இழைகளை அங்கே விட்டுச் சென்றிருக்கும்.

இவற்றையே நுண்ணிழைகள் என்கிறோம். இவை தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியவை. நீளத்தில் சில மில்லிமீட்டர்களுக்கு மேற்படாதவை. பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் ஆகியவற்றால் ஆன ஆடைகளிலிருந்து உதிர்பவை பிளாஸ்டிக் இழைகள். அவை எளிதில் மக்குவதில்லை. ஆற்றிலும் கடலிலும் இவை சேர்வதைத் தடுக்க, புதிதாக விற்கும் ஒவ்வொரு சலவை எந்திரத்திலும் வடிகட்டி கட்டாயம் என்று சட்டம் செய்ய வேண்டும் என்ற கருத்து உலகில் வலுப்பெற்று வருகிறது. பிரான்சு நாடு சட்டமே இயற்றிவிட்டது.

நல்ல கருத்துதான். ஆயினும் அயல்நாட்டுச் சட்டம் ஒன்றை நம் ஊருக்குக் கொண்டுவரும் முன், அது எந்த ஊருக்காக எழுதப்பட்டது, எதைக் காப்பதற்காக எழுதப்பட்டது என்று பார்ப்பது முறை. காவிரிப் பாசனத்தில் நெல் விளையும் தஞ்சைத் தரணிக்கு இச்சட்டம் எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இங்கு ஆராய்வோம்.

இழை எவ்வளவு உதிர்கிறது?

நூல் என்பது பல நூறு மெல்லிய இழைகளை முறுக்கிச் சேர்த்தது. நீரில் ஊறி, சோப்பில் நனைந்து, ஒன்றோடொன்று உராயும்போது முறுக்குத் தளர்கிறது, முனைகள் ஒடிகின்றன. இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, 6 கிலோ துணியை ஒருமுறை எந்திரத்தில் துவைத்தால் அக்ரிலிக் துணியிலிருந்து 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளும், பாலியெஸ்டரிலிருந்து ஏறத்தாழ 5 இலட்சம் இழைகளும், பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணியிலிருந்து ஏறத்தாழ 1 இலட்சத்து 38 ஆயிரம் இழைகளும் வெளியேறக்கூடும்.

எண்ணிக்கை மலைப்பைத் தருகிறது. எடையில் பார்த்தால் மலைப்புச் சற்றுக் குறையும். இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிலோ செயற்கை இழைத் துணிக்கு 124 முதல் 308 மில்லிகிராம் வரை இழை உதிர்ந்தது. 6 கிலோ துணிக்கு அது முக்கால் கிராம் முதல் 1.8 கிராம் வரை ஆகும். வாரம் இரண்டு முறை துவைக்கும் ஒரு வீட்டில் ஆண்டுக்குச் சுமார் 75 முதல் 190 கிராம். அப்படிப்பட்ட வீடுகள் ஒரு நகரத்தில் பத்தாயிரம் இருந்தால், ஆண்டுக்கு முக்கால் டன்னிலிருந்து ஏறக்குறைய இரண்டு டன் வரை. துணி முழுவதும் செயற்கை இழை என்று கொண்டு போட்ட கணக்கு இது. வேட்டியும் பருத்திப் புடவையும் கலந்த நம் மூட்டையில் பிளாஸ்டிக்கின் பங்கு இதைவிடக் குறைவாக இருக்கும். எனினும் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும் பொருள் இது என்பதை மறக்கலாகாது.

சட்டம் சொல்வது என்ன?

பிரான்சில் 2020 பிப்ரவரியில் இயற்றப்பட்ட கழிவுத் தடுப்புச் சட்டத்தில், 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து விற்கும் புதிய சலவை எந்திரங்களில் பிளாஸ்டிக் நுண்ணிழையைப் பிடிக்கும் வடிகட்டி இருக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. வடிகட்டிக்குப் பதிலாக, எந்திரத்தின் உள்ளேயோ வெளியேயோ பொருத்தும் வேறொரு சாதனமும் ஏற்கத்தக்கது என்று பின்னர்த் திருத்தினார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 2029 முதல் புதிய எந்திரங்களில் 100 மைக்ரானோ அதற்கும் குறைவோ கண்ணளவுள்ள வடிகட்டி கட்டாயம் என்ற மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் 2023 அக்டோபரில் அதற்கு ஒப்புதல் மறுத்தார். வாங்குவோருக்குச் செலவு கூடும் என்பதும், இழைகள் நீரில் சேரும் காரணங்கள் முழுதும் தெளிவாகவில்லை என்பதும் அவர் காட்டிய காரணங்கள்.

இவ்விரண்டில் எது சரி? வடிகட்டி பயனற்றது என்று யாரும் சொல்ல முடியாது. கனடாவில் பாரி சவுண்ட் என்ற சிற்றூரில் 97 வீடுகளின் எந்திரங்களில் வடிகட்டி பொருத்தினார்கள். அவ்வூரின் கழிவுநீர் நிலையத்தோடு இணைந்த வீடுகளில் இது பத்தில் ஒரு பங்குதான். இருந்தும் அந்நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் நுண்ணிழையின் அளவு சராசரியாக 41 விழுக்காடு குறைந்தது என்று 2021-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தோன்றும் இடத்திலேயே தடுப்பது என்ற கொள்கை இதனால் வலுப்பெறுகிறது. அந்த அளவில் பிரெஞ்சுச் சட்டத்தைப் பாராட்டலாம்.

வடிகட்டியின் எல்லைகள்

முதற் குறை, கண்ணளவு பற்றியது. 100 மைக்ரான் கண்ணுள்ள வலையில் 12 மைக்ரான் பருமனுள்ள இழை எப்படிச் சிக்கும் என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். தென்னை ஈர்க்குகளை ஒரு சல்லடையில் கொட்டிப் பாருங்கள். ஈர்க்கின் பருமனைவிடக் கண் பெரியதாயினும், குறுக்கே விழும் ஈர்க்கு தங்கிவிடும். செங்குத்தாக விழுவது மட்டும் நழுவிவிடும். நுண்ணிழையும் அப்படித்தான். வெளியிலிருந்து பொருத்தும் வடிகட்டி ஒன்று 87 விழுக்காடு இழைகளைப் பிடித்ததாகக் கனடா ஆய்வாளர்கள் 2019-இல் கண்டார்கள். எந்திரத்தினுள் துணியோடு போடும் பந்து போன்ற சாதனம் பிடித்தது 26 விழுக்காடுதான். ஆகவே ‘வடிகட்டி அல்லது வேறொரு சாதனம்’ என்று மட்டும் சொல்லும் சட்டம், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் அரைகுறைச் சட்டமாகிவிடும்.

இரண்டாவது குறை, பிடித்த பஞ்சு எங்கே போகிறது என்பது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் என்ன செய்வோம்? குழாயடியில் காட்டி அலசுவோம். அவ்வளவுதான்; ஒரு மாதம் பிடித்து வைத்ததெல்லாம் ஒரு நிமிடத்தில் சாக்கடைக்குள் போய்ச் சேரும். கொல்லையில் உதறினாலும் காற்றும் மழையும் அதை வாய்க்காலில் சேர்த்துவிடும். பஞ்சை உலர்த்தி, உலர்ந்த குப்பையோடு தனியே கொடுக்க வழி செய்யாத விதி, அழுக்கை வேறிடத்துக்கு மாற்றுவதோடு நின்றுவிடும்.

மூன்றாவது குறை, ‘புதிய எந்திரம்’ என்ற சொல். வாங்கிய எந்திரத்தைப் பழுது பார்த்துப் பார்த்துப் பதினைந்து ஆண்டு ஓட்டுவது நம் வீடுகளின் வழக்கம். பழைய எந்திரம் வேறொரு வீட்டுக்கு விலைக்கும் போகும். இன்றே சட்டம் செய்தாலும் அதன் பயன் முழுதாகக் கிட்ட ஒரு தலைமுறை ஆகும்.

நான்காவதாக, கையால் துவைப்போர். காவிரிக் கரையில் படித்துறைதோறும் துணி அடித்துத் துவைக்கும் கல் உண்டு. சீன ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே வகைப் பாலியெஸ்டர் துணி கையால் துவைக்கும்போது சராசரியாக 1,853 இழைகளையும், எந்திரத்தில் 23,723 இழைகளையும் உதிர்த்தது. கைத்துவைப்பில் உதிர்வு குறைவு என்பது தெளிவு. ஆனால் ஊறவைப்பதும், சலவைத் தூள் இடுவதும், பலகையில் தேய்ப்பதும் அதைக் கூட்டுகின்றன என்றும் அதே ஆய்வு காட்டியது.

இதைப் படித்துவிட்டு, “பேசாமல் பழையபடி கல்லில் துவைக்கலாமே” என்று யாரேனும் சொன்னால் அதை ஏற்பதற்கில்லை. சலவை எந்திரம் வந்ததால் குறைந்தது பெண்களின் இடுப்பு வலியும் கைப்புண்ணும் ஆகும். ஆற்றைக் காக்கும் பொறுப்பை மீண்டும் அவர்கள் முதுகில் ஏற்றுவது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது. சலவையையே தொழிலாகக் கொண்டவர்கள்மீது பழி போடுவதும் அப்படிப்பட்டதே.

அங்கே கடல், இங்கே வயல்

இப்போது முதன்மையான வேறுபாட்டுக்கு வருவோம். மேலைநாடுகளில் வீட்டுக் கழிவுநீர் பெரும்பாலும் மூடிய குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே பெரும்பகுதி இழைகள் அடியில் தங்கும் கசடோடு சேர்ந்துவிடுகின்றன. தப்பிய மீதி ஆற்றின் வழியே கடலுக்குப் போகிறது. எனவே அவர்களுடைய கவலை கடலைப் பற்றியது.

நம் டெல்டாவில் நீரின் வழி வேறு. தஞ்சை நகரில், மக்கள் புது ஆறு என்று அழைக்கும் கல்லணைக் கால்வாய் பெரிய கோயிலை ஒட்டி ஓடுகிறது. வடவாறும் வெண்ணாறும் நகரைத் தொட்டுச் செல்கின்றன. கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே அமைந்த ஊர். இவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் கிளைத்துக் கிளைத்துக் கடைசியில் வயல் மடையில் முடிகின்றன. ஊர்ச் சாக்கடை எங்கே வாய்க்காலில் விழுகிறது என்பதை அந்தந்த ஊரார் நன்கு அறிவார்கள். அங்கே விழும் இழை கடலுக்குப் போகும் முன் நெல் வயலைக் கடந்தாக வேண்டும்.

நெல் வயல் ஒரு பெரிய தெளிவு தொட்டி. வரப்பு கட்டி நீரைத் தேக்கி நிறுத்துகிறோம். ஓட்டம் நின்றதும் நீரில் மிதந்து வந்த வண்டல் அடியில் படிகிறது. காவிரி வண்டல் படிந்துதான் இந்த மண்ணே உண்டாயிற்று. வண்டலைப் படியச் செய்யும் அதே இயற்பியல் விதி நுண்ணிழையையும் படியச் செய்யும். ஒரு வயலின் நீர் அடுத்த வயலுக்குப் பாயும் முறையில், ஒவ்வொரு வயலும் தனக்குரிய பங்கை வாங்கிக்கொள்ளும். தப்பிய மீதி கோரையாறு, பாமணியாறு முதலிய வடிகால்கள் வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றை அடையும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி இறுதியில் மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. இடைப்பட்ட கோடையில் ஆறும் வாய்க்காலும் வறண்டு கிடக்கும். வீட்டுச் சலவை நீருக்கோ விடுமுறை இல்லை. அது வறண்ட வாய்க்காலில் விழுந்து, உறிஞ்சப்பட்டு, இழையை மண்மேல் விட்டுச் செல்லும். பிறகு அணை திறந்து புதுப்புனல் வரும்போது, நான்கு மாதத்துச் சேமிப்பும் முதல் தண்ணீரோடு கிளம்பும். குறுவை நாற்றங்காலுக்குப் பாய்வது அந்தத் தண்ணீர்தான்.

மண்ணில் சேரும் இழை என்ன செய்யும்? பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் வெளியிட்ட சோதனையில், பாலியெஸ்டர் இழை கலந்த மண்ணின் அடர்த்தி குறைந்தது. நீரைப் பிடித்து வைக்கும் தன்மை மாறியது. மண்கட்டிகள் நீரில் கரையாமல் நிற்கும் உறுதி குறைந்தது. மற்றோர் ஆய்வில், இழை மிகுதியாகக் கலந்த மண்ணில் மண்புழுக்கள் சாகவில்லை. ஆனால் அவை வெளியிடும் எருமண் குறைந்தது. இவை ஆய்வுக்கூடத்தில், நூறு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு வரைகூட இழையைக் கலந்து செய்த சோதனைகள். தஞ்சை வயலில் நாளையே நெல் விளையாது என்று இவற்றைக் கொண்டு பயமுறுத்துவது தவறு. ஆனால் சேற்றில் சேர்ந்த இழையைத் திரும்ப எடுக்க எந்த உழவுக் கருவியும் இல்லை. வேண்டாத பொருளொன்று மண்ணில் சேரும் வேகத்தை இப்போதே குறைப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

பிளாஸ்டிக் மட்டும்தானா?

பிரெஞ்சு விதி ‘பிளாஸ்டிக் நுண்ணிழை’ என்று பேசுகிறது. உலகின் ஆறு கடற்பகுதிகளில் எடுத்த நீரை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு வியப்பளிப்பது. அந்நீரில் கண்ட இழைகளில் செயற்கை இழை 8 விழுக்காடு அளவே. பெரும்பகுதி பருத்தி, ரேயான் போன்ற செல்லுலோஸ் இழைகள். கங்கையில் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. அங்கே அகப்பட்ட நுண்துகள்களில் 91 விழுக்காடு இழைகளே. அவற்றில் முதலிடம் ரேயானுக்கு, அடுத்த இடம் அக்ரிலிக்குக்கு. கங்கைக் கரையில் எந்திரத்தில் துவைப்போரைவிடக் கையால் துவைப்போரே மிகுதி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பருத்தியும் ரேயானும் மக்கும் என்பது உண்மையே. ஆனால் சாயமும் சுருக்கம் விழாமல் இருக்கப் பூசும் இரசாயனமும் ஏறிய இழை, வயலில் விழுந்த வைக்கோலைப் போல விரைவில் மக்கிவிடும் என்று எண்ணக்கூடாது. ஆகவே நமக்கு வேண்டிய விதி எல்லா இழைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்; பிளாஸ்டிக் இழைக்குக் கூடுதல் கட்டுப்பாடு வைக்கலாம்.

நம் சட்டத்தின் அளவுகோல்

நம் நாட்டில் இதற்கு விதியே இல்லையா? பிளாஸ்டிக் பைக்கு உண்டு. தமிழகத்தில் 2019 ஜனவரி முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை. நாடு முழுவதும் 2022 ஜூலை முதல் சில பொருள்களுக்குத் தடை. அதே ஆண்டு இறுதியிலிருந்து 120 மைக்ரானுக்குக் குறைந்த கைப்பைகளுக்கும் தடை. கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக்கைப் பிடிக்க இவை உதவும். ஆடையிலிருந்து உதிரும் இழை இவற்றில் எதிலும் அடங்காது.

ஆலைக் கழிவுநீருக்கு உள்ள பொது வரையறையைப் பார்ப்போம். ஆற்றில் விடும் கழிவுநீரில் மிதக்கும் திண்மப் பொருள் ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது அது. இதைக் கொண்டு இழையை அளந்தால் என்ன ஆகும்? மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். இழையை ஓர் உருளையாகக் கொள்ளுங்கள். விட்டம் 12 மைக்ரான், நீளம் 5 மில்லிமீட்டர், பாலியெஸ்டரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.38 கிராம். ஓர் இழையின் எடை ஏறத்தாழ 0.8 மைக்ரோகிராம் என்று வரும். அதாவது ஒரு மில்லிகிராமுக்கு 1,250 இழைகள்; 100 மில்லிகிராமுக்கு 1 இலட்சத்து 25 ஆயிரம் இழைகள். ஒரு லிட்டர் நீரில் இத்தனை இழைகள் மிதந்தாலும், வேறு திண்மப் பொருள் இல்லையென்றால், இந்த விதிப்படி அந்த நீர் தேர்ச்சி பெற்றுவிடும். எடையை மட்டும் பார்க்கும் அளவுகோல் இழைக்குப் பயன்படாது. எண்ணிக்கையையும் பார்க்கும் அளவுகோல் வேண்டும்.

“அளக்கவே முடியாத பொருளுக்கு எப்படி விதி செய்வது?” என்று கேட்கலாம். அக்காரணம் இன்று செல்லாது. துணியைத் துவைக்கும்போது எவ்வளவு இழை இழக்கிறது என்று அளக்கும் முறையை உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2023-இல் வெளியிட்டுள்ளது.

நொய்யல் கற்பித்த பாடம்

டெல்டாவுக்கு வரும் தண்ணீர் ஆடைத் தொழில் செழித்த கொங்கு நாட்டைத் தாண்டித்தான் வருகிறது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பவானியும் அமராவதியும் அவ்வாறே. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் விடப்பட்டு, 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீர் வேண்டாம் என்று பாசன விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கடுமையான உத்தரவு பிறப்பித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதும் நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரிக்கும் முறை அதன்பிறகே உறுதிப்பட்டது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. தண்ணீரின் நிறமும் உப்பும் கண்ணுக்கும் நாவுக்கும் தெரிந்தும், விதி நடைமுறைக்கு வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அதற்கிடையில் நிலத்தை இழந்தவர்கள் ஆற்றின் கீழே இருந்த உழவர்கள். நிறமும் சுவையும் இல்லாத நுண்ணிழைக்கு எத்தனை ஆண்டு ஆகும்? இது முதற் பாடம். கழிவு வெளியேறும் வாய்கள் எண்ணக்கூடிய அளவில் இருந்ததால்தான் கடைசியில் அவற்றை அடைக்க முடிந்தது என்பது இரண்டாவது. தலைமதகை மூடுவது எளிது. ஒவ்வொரு வயலுக்கும் போய் மடையை அடைப்பது அரிது. பிரெஞ்சு விதியைப் பின்பற்றி வீட்டு எந்திரத்திலிருந்து தொடங்குவது, மடையிலிருந்து தொடங்குவதாகும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

துணி தன் இழையில் பெரும்பகுதியை முதல் சில சலவைகளிலேயே உதிர்க்கிறது. அச்சலவைகளை ஆலையிலேயே செய்து, நீரை அங்கேயே வடிகட்டிவிட்டால், வீட்டுக்கு வரும் ஆடையிலிருந்து உதிர்வது குறையும். நெசவையும் முறுக்கையும் நெருக்கினால் இன்னும் குறையும். ஆகவே முதல் விதி ஆலைக்கு: துணி இழக்கும் இழைக்கு ஓர் உச்ச அளவு, வெளியேறும் நீரில் இழைக்கு ஓர் எண்ணிக்கை அளவு. வடிகட்டிய கசடை எருவென்று வயலில் கொட்டக்கூடாது என்பதும் அதில் சேர வேண்டும்.

இரண்டாவதாக, மொத்தமாகத் துவைக்கும் இடங்கள். மருத்துவமனைகள், மாணவர் விடுதிகள், தங்கும் விடுதிகள், எந்திரச் சலவை நிலையங்கள் ஆகியவை ஒரு நகரத்தில் எண்ணி முடிக்கக்கூடியவை, சோதிக்கவும் எளியவை. இங்கே பெரிய வடிகட்டியை உடனே கட்டாயமாக்கலாம். சிறு சலவைத் தொழிலாளருக்கு அரசே செலவில் பங்கேற்பது முறை.

மூன்றாவதாகத்தான் வீட்டு எந்திரம். வடிகட்டி எத்தனை விழுக்காடு பிடிக்க வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்ல வேண்டும். பழைய எந்திரத்தின் வடிகுழாயில் பொருத்தத்தக்க மலிவான வடிகட்டியும் வேண்டும். பஞ்சை வாங்கிக்கொள்ள நகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்பாடு வேண்டும். இவை இல்லாமல் எந்திரத்தின் விலையை மட்டும் ஏற்றும் விதியைக் கலிபோர்னியா ஆளுநரைப் போல மறுப்பவர்கள் இங்கும் இருப்பார்கள். அவர்கள் பேச்சில் பாதி நியாயமும் இருக்கும். மறு பாதி நியாயமற்றது. காரணம் முழுதும் தெரியட்டும் என்று காத்திருப்பதன் விலையை எந்திரம் வாங்குபவர் கொடுப்பதில்லை. கடைமடை உழவர் கொடுக்கிறார்.

காவிரி நீரில் நுண்துகள் உண்டா என்பதே ஐயம் என்று சொல்வதற்கும் இனி இடமில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் கிருஷ்ணராஜசாகர் அணைப் பகுதியில் எடுத்த காவிரி நீரில் பிளாஸ்டிக் நுண்துகள்களைக் கண்டு 2022-இல் வெளியிட்டார்கள். அந்நீரில் வளர்த்த மீன் கருக்களில் எலும்புக் கோணல்களையும் கண்டார்கள். அவற்றுக்குத் துணி இழைதான் காரணம் என்று அவ்வாய்வு சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம். டெல்டாவின் வாய்க்கால்களிலும் வயற்சேற்றிலும் எவ்வளவு இழை உள்ளது என்று குறுவைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்கும் வேலையை நம் கல்லூரிகளும் வேளாண் ஆய்வு நிலையங்களும் மேற்கொள்ளலாம். நுண்ணோக்கியும் வடிதாளும் பொறுமையும் இருந்தால் எண்ணிக்கையைத் தொடங்கிவிடலாம்.

வாளியில் வடித்த பஞ்சை என்ன செய்வது என்று கேட்பீர்கள். குழாயடியில் அலசாதீர்கள். உலரவிட்டு, உருட்டி, ஒரு காகிதத்தில் மடித்து, உலர்ந்த குப்பையோடு கொடுத்துவிடுங்கள். எந்திரம் நிறையத் துணி போட்டு, குளிர்ந்த நீரில், குறைந்த நேரம் ஓட்டினால் உதிர்வும் குறையும், மின்சாரமும் மிஞ்சும். வீட்டில் நாம் செய்யக்கூடியது இவ்வளவே. மீதியை ஆலைவாயிலில் செய்ய வேண்டும். அதற்கான விதியைக் கேட்பது நம் கடமை.